ஸ்பெயின் ஒயினில் ‘ரிசெர்வா’ என்றால் என்ன? வரி குறைந்தால் சென்னைவாசி எதற்குக் காசு கொடுக்கப் போகிறார்?

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் அரிசி வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது “புதுசா, பழசா?” என்றுதான். ஒரு வருடம் பழசான பொன்னிக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல். சாதம் குழையாமல் உதிரி உதிரியாக நிற்கும் என்பதால் மக்களும் மறுபேச்சு இல்லாமல் கொடுக்கிறார்கள். ஆனால் அது நிஜமாகவே ஒரு வருடம் பழசுதானா? கடைக்காரர் சொல்வதுதான் சாட்சி. மீதி, வீட்டில் குக்கரைத் திறக்கும்போது தெரியும்.

ஒயினிலும் இதே கதைதான். பழசு என்றால் விலை அதிகம். பழசுதானா என்று வாங்குபவருக்குத் தெரியாது. இந்தக் கேள்விக்குக் கடைக்காரரை நம்பாமல் சட்டத்தைப் பதில் சொல்ல வைத்த நாடு ஸ்பெயின். பாட்டிலில் இருக்கும் ‘கிரியான்சா’, ‘ரிசெர்வா’, ‘கிரான் ரிசெர்வா’ என்ற மூன்று வார்த்தைகள் அந்தச் சட்டத்தில் வருபவை. பார்ப்பதற்கு விளம்பர வார்த்தை மாதிரி இருந்தாலும், அவை மாதக் கணக்கு.

இப்போ எதற்கு இந்தப் பேச்சு?

இந்தியா - ஐரோப்பிய ஒன்றியம் தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதாக 2026 ஜனவரி 27-ல் டெல்லியில் அறிவிக்கப்பட்டது. கார், இயந்திரம், ஜவுளி என்று பெரிய பட்டியல். அதில் ஒயினும் உண்டு. இன்றைக்கு இறக்குமதி ஒயின் மீது மத்திய அரசு விதிக்கும் சுங்கம் 150%. 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு இது அடிப்படைச் சுங்க வரி 50%, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 100% என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வாங்குபவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளில் இது 75% ஆகும். பிறகு படிப்படியாகக் குறைந்து, நடுத்தர விலை ஒயினுக்கு 30 சதவீதத்திலும், உயர்விலை ஒயினுக்கு 20 சதவீதத்திலும் போய் நிற்கும்.

கணக்காகப் பார்த்தால் சுலபம். துறைமுகத்துக்கு 1,000 ரூபாய் மதிப்பில் வந்து இறங்கும் பாட்டில் இன்று சுங்கம் சேர்ந்து 2,500 ரூபாய். முதல் கட்டக் குறைப்புக்குப் பின் 1,750. கடைசிக் கட்டத்தில் 1,200 அல்லது 1,300.

ஐரோப்பாவுக்கு முன்பே ஆஸ்திரேலியா இந்த வரிசையில் நின்றுவிட்டது. 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தப்படி, குறைந்தது 5 டாலர் இறக்குமதி விலை உள்ள ஆஸ்திரேலிய ஒயினுக்கு வரி உடனே 100% ஆனது, 15 டாலருக்கு மேல் என்றால் 75%. இரண்டிலும் ஒரே தர்க்கம்தான். விலை உயர்ந்த பாட்டிலுக்குத்தான் பெரிய சலுகை. மலிவு விலைப் பாட்டில்கள் வந்து மகாராஷ்டிர, கர்நாடகத் திராட்சைத் தோட்டங்களை நசுக்கிவிடக் கூடாது என்பது இந்தியாவின் கவலை.

ஸ்பெயினில் விலை உயர்ந்த பாட்டில் என்றால் பெரும்பாலும் பழசான பாட்டில். ஆகவே வரி குறையும்போது அதிகம் பலன் பெறப்போவது இந்த ‘ரிசெர்வா’ வகையறாதான். அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுப்பவரும் அப்போது அதிகமாவார்.

மூன்று வார்த்தை, மூன்று கணக்கு

‘கிரியான்சா’ என்ற ஸ்பானிஷ் சொல்லுக்கு நேர்ப்பொருள் வளர்ப்பு. குழந்தையை வளர்ப்பதற்கும் அதே சொல்தான். ஒயின் பிறந்த உடனே விற்காமல் வளர்த்து அனுப்புகிறார்கள் என்று அர்த்தம்.

வட ஸ்பெயினில் எப்ரோ நதியை ஒட்டியுள்ள ரியோஹா பகுதிதான் இந்தக் கணக்குக்குப் பேர்போனது. அங்கே சிவப்பு ஒயின் ‘கிரியான்சா’ ஆக வேண்டுமானால் மொத்தம் 2 வருடம் காத்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 1 வருடம் ஓக் மரப் பீப்பாயில். ‘ரிசெர்வா’ என்றால் 3 வருடம்: பீப்பாயில் குறைந்தது 1 வருடம், பாட்டிலில் குறைந்தது 6 மாதம். ‘கிரான் ரிசெர்வா’ என்றால் 5 வருடம்: பீப்பாயில் 2, பாட்டிலில் 2, மீதி ஒரு வருடம் தயாரிப்பாளர் இஷ்டம். பீப்பாயின் அளவும் தோராயமாக விடப்படவில்லை. ரியோஹாவில் அது 225 லிட்டர், அதாவது ஏறக்குறைய 300 பாட்டில்.

ஸ்பெயின் முழுமைக்குமான பொது விதி இதைவிடக் கொஞ்சம் தளர்வு. அங்கேயும் மொத்தக் காலம் 24, 36, 60 மாதம்தான். ஆனால் பீப்பாயில் இருக்க வேண்டிய குறைந்தபட்சம் 6, 12, 18 மாதம். எனவே ஒரே ‘கிரியான்சா’ என்ற சொல் ரியோஹா பாட்டிலில் ஒரு வருட மரவாசத்தையும், வேறொரு ஊர்ப் பாட்டிலில் ஆறு மாத மரவாசத்தையும் குறிக்கலாம். ரிபேரா டெல் டுவெரோ இந்த விஷயத்தில் ரியோஹா பக்கம். அங்கேயும் கிரியான்சாவுக்கு 12 மாதம் பீப்பாய் கட்டாயம். ஊர்ப் பெயரைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

லேபிள் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ரியோஹாவில் ஒரு குறுக்குவழி உண்டு. பாட்டிலின் பின்பக்கம் ஒழுங்குமுறை கவுன்சில் ஒட்டும் சின்ன முத்திரையின் நிறம். பச்சை என்றால் காலக்கணக்கு எதுவும் இல்லாத சாதாரண வகை, சிவப்பு கிரியான்சா, அடர் மெரூன் ரிசெர்வா, நீலம் கிரான் ரிசெர்வா. முத்திரையை ஒட்டுவது தயாரிப்பாளரைக் கண்காணிக்கும் அமைப்பு கொடுத்த எண்ணிக்கைப்படி என்பதால், இஷ்டத்துக்கு ஒட்ட முடியாது.

அமெரிக்க ஒயினில் ‘ரிசர்வ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அதற்குப் பின்னால் மத்தியச் சட்ட வரையறை எதுவும் கிடையாது. நேற்றுத் தயாரித்ததற்கும் போடலாம். கடை அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது ‘ரிசெர்வா’வும் ‘ரிசர்வ்’வும் ஒன்று என்று நினைப்பது இயல்புதான். விற்பவர்களுக்கும் அந்தக் குழப்பம் வசதியாகத்தான் இருக்கிறது.

காத்திருப்பதற்கு ஆகும் செலவு

தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரிடம், “இந்த தீபாவளிக்கு வந்த சரக்கை ஐந்து தீபாவளி கழித்து விற்றுக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் என்ன செய்வார்? முதலில் வட்டியைக் கணக்குப் போடுவார். கிரான் ரிசெர்வாவின் விலையில் பாதிக் கதை அதுதான். திராட்சைக்குக் கொடுத்த காசு முடங்கிக் கிடக்கிறது. பீப்பாய் வாங்க வேண்டும், குளிர்ந்த நிலவறையில் இடம் வேண்டும், இடையில் மரத்தின் வழியே கொஞ்சம் ஆவியாகிப் போவதை மீண்டும் நிரப்ப வேண்டும்.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? பீப்பாயின் மரம் மிக நிதானமாக ஆக்ஸிஜனை உள்ளே விடுகிறது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த டேனின் (காய்ந்த நாவல்பழம் தின்றதுபோல நாக்கை இழுக்கும் அந்தத் துவர்ப்பு) ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகிறது, துவர்ப்பு மழுங்குகிறது. நிறம் ஊதாவிலிருந்து செங்கல் சிவப்பை நோக்கி நகர்கிறது. மரத்திலிருந்து வெனிலா வாசம் ஏறுகிறது. ரியோஹாவில் பாரம்பரியமாக அமெரிக்க ஓக் மரத்தைப் பயன்படுத்தியதால் அதோடு ஒரு தேங்காய் வாசமும் சேரும். பிறகு பாட்டிலில் அடைத்ததும் காற்று கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. பழ வாசம் பின்வாங்கி, தோல், காய்ந்த அத்தி, புகையிலை மாதிரியான வாசங்கள் முன்னால் வருகின்றன.

இந்த பீப்பாய் மோகம் ஸ்பெயினின் ஆதிப் பழக்கம் அல்ல என்பது பலருக்கும் தெரியாது. 19-ம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸின் போர்டோ முறையைப் பார்த்து வந்தது அது. 1860-களிலிருந்து ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று தீர்த்தபோது, போர்டோ வியாபாரிகள் மலை தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். ஹாரோ என்ற ஊரில் ரயில் நிலையத்தைச் சுற்றியே ஒயின் நிறுவனங்கள் முளைத்தன. 1877, 1879, 1890 என்று தொடங்கிய சில இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. 1899-ல் அந்தப் பூச்சி ரியோஹாவையும் எட்டியது. அதற்குள் பீப்பாய்ப் பழக்கம் ஊன்றிவிட்டது.

உறைமோர் கணக்கு

தெற்கே ஹெரெஸ் ஊருக்குப் போனால் வருடக் கணக்கே உடைந்துவிடுகிறது. ஷெர்ரி என்று ஆங்கிலேயர்கள் அழைத்தது இந்த ஊர் ஒயினைத்தான். இங்கே பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்குகிறார்கள். கீழ் வரிசைக்குப் பெயர் சோலேரா. விற்பனைக்கு எடுப்பது அதிலிருந்து மட்டும்தான், அதுவும் ஒரு பகுதியை மட்டும். காலியான அளவை மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கு மேல் வரிசையிலிருந்து. புது ஒயின் உச்சியில் மட்டும் சேரும். எந்தப் பீப்பாயும் ஒருபோதும் முழுதாகக் காலியாவதில்லை.

வீட்டில் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். பாட்டி காலத்து உறை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கிண்ணத்தில் இருப்பது பாட்டி காலத்துத் தயிர் இல்லை. அதனால் ஷெர்ரி பாட்டிலில் சோலேரா என்ற சொல்லோடு 19-ம் நூற்றாண்டு வருடம் ஒன்று அச்சாகியிருந்தால் மயங்கிவிடக் கூடாது. அது அந்தப் பீப்பாய் வரிசை தொடங்கிய வருடம். உள்ளே இருப்பது பல வருடங்களின் கலவை. நிஜமான வயதுக்கு அங்கே தனி முத்திரை இருக்கிறது: சராசரி வயது 20-க்கு மேல் என்றால் விஓஎஸ், 30-க்கு மேல் என்றால் விஓஆர்எஸ்.

நுரை பொங்கும் காவா வகைக்கு வேறு கணக்கு. சாதாரணத்துக்கு 9 மாதம், ரிசெர்வாவுக்கு 18, கிரான் ரிசெர்வாவுக்கு 30. அதே வார்த்தை, பாதிக் காலம். வடமேற்கில் ரியாஸ் பைஷாஸ் பகுதியின் அல்பரீன்யோ வெள்ளை ஒயினுக்கோ பெரும்பாலும் இந்த வார்த்தைகளே தேவைப்படுவதில்லை. கடலோர ஊர், மீன் சாப்பாடு, புளிப்பு குறையாமல் இளசாகவே குடித்துவிடுகிறார்கள்.

பழசு என்றால் நல்லதா?

இங்கேதான் ஸ்பெயினுக்குள்ளேயே சண்டை. சட்டம் அளப்பது நேரத்தை. எந்த நிலம், எந்தக் கொடி, எவ்வளவு கவனம் என்பதை அளப்பதில்லை. சுமாரான திராட்சையை 5 வருடம் பூட்டி வைத்தாலும் கிரான் ரிசெர்வாதான். இதை எதிர்த்துக் குரல் கொடுத்த அர்தாதி என்ற பெயர்பெற்ற நிறுவனம் 2015 கடைசியில் ரியோஹா என்ற பெயரே வேண்டாம் என்று வெளியேறியது. ரியோஹா கவுன்சிலும் அடுத்த சில ஆண்டுகளில் இறங்கி வந்தது. ஒற்றைத் தோட்டத்தின் பெயரையும், கிராமத்தின் பெயரையும் லேபிளில் போட வழி செய்தது. ஆகவே இனி வரும் பாட்டில்களில் காலத்தைச் சொல்லும் வார்த்தையோடு இடத்தைச் சொல்லும் வார்த்தையும் அதிகம் தென்படும். இரண்டும் வேறு வேறு வாக்குறுதிகள்.

காலத்தை காலண்டரில் மட்டும் அளப்பதில் இந்தியாவுக்கும் ஒரு வழக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்று விற்க 3 வருடம் மரத்தில் இருந்தாக வேண்டும். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு சுமார் 2% ஆவியாகிறது. பெங்களூருவில் அது 10 சதவீதத்தைத் தாண்டும். 2004-ல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகம் செய்த அம்ருத் போன்ற தயாரிப்பாளர்களின் வாதம், இந்த வெப்பத்தில் ஒரு வருடம் என்பது அங்கே பல வருடத்துக்குச் சமம் என்பது. வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதியை எழுதியவர்கள் குளிர் ஊர்க்காரர்கள்.

மெட்ராஸ் வெயிலும் மடீராவும்

வெப்பம் ஒயினைக் கெடுக்கும் என்பதுதான் பொது விதி. சிவப்பு ஒயினை நீண்ட நாள் வைக்க 12 முதல் 15 டிகிரி வேண்டும். சென்னையில் மே மாத மதியம் 40-ஐத் தொடும், இரவிலும் 28-க்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், ஓரத்தில் கசியும், திரும்பச் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். ஸ்பெயின் நிலவறையில் 5 வருடம் பொத்திப் பொத்தி வளர்த்ததை, அடையாறில் ஏசி இல்லாத அறையின் ஷோகேஸ் ஒரே கோடையில் முடித்துவிடும். துறைமுகத்தில் கண்டெய்னர் குளிரூட்டப்பட்டதா, கிடங்கில் எத்தனை நாள் கிடந்தது என்பதையெல்லாம் எந்த முத்திரையும் சொல்லாது. கார்க் மேலெழும்பியிருந்தால், பாட்டில் கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தால், உள்ளே என்ன வார்த்தை எழுதியிருந்தாலும் அர்த்தமில்லை.

ஆனால் இந்த ஊர் வெயிலுக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வடமேற்கே அட்லாண்டிக்கில் இருக்கும் போர்ச்சுகீசியத் தீவு மடீரா. மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியில் அங்கே நின்று ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. கப்பலின் அடித்தளத்தில், பூமத்திய ரேகையைத் தாண்டும் புழுக்கத்தில், மாதக்கணக்கில் ஆடிக்கொண்டே வந்த அந்த ஒயின் கெட்டுப்போகாமல், கிளம்பியபோது இருந்ததைவிட ருசியாக இறங்கியது. போய்த் திரும்பி வந்த பீப்பாய்களுக்கு அங்கே ‘வட்டம் அடித்த ஒயின்’ என்று தனிப் பெயர், தனி விலை. புனித ஜார்ஜ் கோட்டை விருந்துகளில் அது ஓடியதற்கும், இந்தச் சூட்டில் அது மட்டும்தான் தாங்கும் என்பதற்கும் தொடர்பு உண்டு. பின்னாளில் கப்பல் பயணம் கட்டுப்படியாகாமல், மடீராக்காரர்கள் அந்தப் புழுக்கத்தைத் தீவிலேயே செயற்கையாக உருவாக்கினார்கள். தொட்டியில் ஊற்றி 45 முதல் 50 டிகிரி வரை குறைந்தது 3 மாதம் சூடாக்குவது ஒரு முறை. ஓட்டுக்கூரைக்கு அடியில் பீப்பாயை வைத்து வருடக்கணக்கில் வெயில் வாங்க விடுவது இன்னொரு முறை. மெட்ராஸ் பயணத்தின் நகல் என்றே சொல்லலாம்.

டாஸ்மாக் அலமாரிக்கு வரும்போது

டெல்லியில் வரி குறைந்தால் தி.நகரில் விலை குறையுமா? நேர்கோட்டில் குறையாது. மனிதர் அருந்தும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. கலால், மதிப்புக் கூட்டு வரி எல்லாம் மாநிலத்தின் கையில். தமிழ்நாட்டில் 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. எந்த பிராண்ட் உள்ளே வரலாம், எலைட் கடை அலமாரியில் எது நிற்கலாம், என்ன விலை என்பது அங்கேதான் முடிவாகிறது. சுங்கத்தில் குறைந்ததை மாநில வரி ஓரளவு விழுங்கிக்கொள்ளவும் முடியும். ராதாகிருஷ்ணன் சாலை நட்சத்திர ஹோட்டலில் அதே பாட்டில் மெனு கார்டில் ஏறும்போது இன்னொரு பெருக்கல் நடக்கும், அது தனிக் கதை.

மது வேண்டாம் என்பவர்களுக்கு இந்தக் குறைப்பே ஒரு கவலைதான், அதில் தவறு காண முடியாது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்ற விதியும், பாட்டிலில் தமிழில் இருக்கும் உடல்நல எச்சரிக்கையும் ஸ்பெயின் பாட்டிலுக்கும் சேர்த்துத்தான்.

பெயருக்கான அடுத்த பேச்சுவார்த்தை

வரியோடு விஷயம் முடியவில்லை. ‘ரியோஹா’, ‘ஷெர்ரி’ போன்ற பெயர்களை அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்பதற்கான புவிசார் குறியீட்டு ஒப்பந்தத்தை இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. இது இருவழிப் பாதை. அங்கிருந்து வரும் பெயர்களுக்கு இங்கே பாதுகாப்பு என்றால், இங்கிருந்து போகும் பெயர்களுக்கும் அங்கே கேட்கலாம்.

தமிழ்நாட்டிடம் திராட்சைக்கு ஒரு பெயர் இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அறிந்த ரகம். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. தேனி மாவட்டத்தில் விளைந்து பெரும்பகுதி பழமாகவே மயிலாப்பூர் தள்ளுவண்டி வரை வந்துவிடுகிறது. ஒயினுக்கும் ஜாமுக்கும் போவதும் உண்டு. அந்தக் குறியீடு சொல்வது இடத்தை மட்டும். காலம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு விதியை எழுத நினைத்தாலும் முதல் வரியிலேயே சிக்கல் வரும். ரியோஹாவில் அறுவடை வருடத்துக்கு ஒரு முறை, இலையுதிர் காலத்தில். கம்பம் பள்ளத்தாக்கில் கொடியைக் கவாத்து செய்து, வருடம் முழுக்க மாற்றி மாற்றிப் பறிக்கிறார்கள். லேபிளில் ‘2026’ என்று போட்டால், அது எந்த அறுவடை?